எம்சிபி அடிக்கடி விழுகிறது, பெரிதாக மாற்றிவிடலாமா?

வாடகை வீட்டில் அம்மாவோடும் நான்கு வயது மகளோடும் இருக்கும் ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். மூன்று மாதமாக அவர் வீட்டில் கரண்ட் தொல்லை. காலையில் கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் மூன்றும் ஓடும் நேரத்தில், பதினைந்து இருபது நிமிடம் போனதும் டிபி பெட்டியில், அதாவது வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், 16 (ஆம்ப்) என்று போட்டிருக்கும் எம்சிபி விழும். அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக அணைந்துகொள்ளும் சின்ன சுவிட்ச்தான் எம்சிபி. தூக்கிவிட்டால் அடுத்த தடவை ஐந்தே நிமிடத்தில் விழும். வீட்டுக்காரர் அனுப்பிய எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, "எம்சிபி வீக் ஆயிடுச்சு" என்று சொல்லி அதைக் கழற்றிவிட்டு 32 போட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அது விழவே இல்லை. ஆனால் அயர்ன் பாக்ஸ் செருகும் சாக்கெட்டின் ஓரம் பழுப்பாகியிருக்கிறது, அவ்வப்போது பிளாஸ்டிக் கருகுகிற வாடை வருகிறது.

இரண்டாவது தொல்லை, டெஸ்ட் பட்டன் வைத்த அந்தப் பெரிய சுவிட்ச், அதாவது கரண்ட் எங்காவது கசிந்தால் விழும் ஆர்சிசிபி. மழை பெய்யும் இரவுகளிலும் சில காலைகளிலும் அது விழுந்து மொத்த வீடும் இருட்டாகிறது. கீசர்தானோ என்று சந்தேகப்பட்டு அதன் சுவிட்சை அணைத்துப் பார்த்தாராம், அப்போதும் விழுந்திருக்கிறது, ஆகவே கீசர்மேல் தப்பில்லை என்று முடிவு செய்துவிட்டார். அதே எலக்ட்ரீஷியன், "இது ரொம்ப சென்சிட்டிவ், டைரக்ட் கொடுத்துடறேன்" என்கிறார், வீட்டுக்காரரும் சரி என்கிறார். "எம்சிபிதான் இருக்கிறதே, ஷாக் அடித்தால் அது விழுந்துவிடும்தானே? அப்படியென்றால் ஆர்சிசிபியை எடுத்துவிட்டால் என்ன?" இதுதான் அவர் கேள்வி. கூடவே அவருடைய அம்மாவின் கேள்வி ஒன்றும் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். ஆர்சிசிபியை எடுக்க விடாதீர்கள். பழுப்பேறிய சாக்கெட்டை இதைப் படித்த நிமிடத்திலிருந்து தொடாதீர்கள், எதையும் செருகாதீர்கள். அந்த 32ஐ மறுபடி 16ஆக மாற்றும் வரை கீசர், அடுப்பு, அயர்ன் மூன்றையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது கரண்ட் போய்ப்போய் வருவது கிடையாது. "அன்றிலிருந்து அது விழவே இல்லை" என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான்.

எம்சிபி காப்பது வயரை

நிறையப் பேர் நினைப்பது போல எம்சிபி உங்களுக்காகவோ கீசருக்காகவோ வைத்த பொருள் இல்லை. சுவருக்குள் போகும் வயர் சூடேறி எரியாமல் இருப்பதற்காக வைத்தது. அதனால் எந்த அளவு எம்சிபி போடுவது என்பதை வயரின் கனம்தான் தீர்மானிக்க வேண்டும், உங்கள் தேவையோ வீட்டுக்காரரின் அவசரமோ தீர்மானிக்கக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். உங்கள் கீசர் 2000 வாட், அடுப்பு 2000 வாட், அயர்ன் 1000 வாட் என்று எழுதியிருக்கிறீர்கள். மொத்தம் 5000 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 21.7 ஆம்ப். 16 ஆம்ப் எம்சிபி வழியாக 21.7 ஆம்ப் போனால் அது விழாமல் வேறென்ன செய்யும்? அது வீக் ஆகவில்லை, படித்த பாடத்தை அப்படியே ஒப்பித்திருக்கிறது. வீடுகளில் போடும் எம்சிபிகளுக்கான சர்வதேச விதி என்ன சொல்கிறதென்றால், எழுதியிருக்கும் அளவைப் போல 1.13 மடங்கு போனால் ஒரு மணி நேரம் வரை விழக் கூடாது, 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். உங்கள் லோடு 1.36 மடங்கு. நடுவில் மாட்டிக்கொண்ட அளவு. அதனால்தான் ஒரு நாள் பதினைந்து நிமிடம், ஒரு நாள் இருபது, கீசர் சூடாகித் தானாக நின்றுவிட்ட நாளில் விழாமலே போனது.

உள்ளே நடப்பது எளிமையான விஷயம். இரண்டு வகை உலோகத்தை ஒட்டிய ஒரு பட்டை இருக்கிறது, கரண்ட் போகப்போக அது சூடாகி வளையும், வளைந்து ஒரு கட்டத்தில் கொக்கியைத் தள்ளிவிடும். நீங்கள் உடனே தூக்கிவிடும்போது பட்டை இன்னும் ஆறியிருக்காது, அதனால் இரண்டாவது தடவை ஐந்து நிமிடத்திலேயே விழுகிறது. நீங்கள் இதைப் பார்த்து "நாளுக்கு நாள் மோசமாகிறது" என்று பயந்திருக்கிறீர்கள், அதற்கு அவசியமில்லை.

இப்போது 32க்கு வருவோம். உங்கள் வீட்டில் அந்த லைனில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஓடுவதாக எலக்ட்ரீஷியன் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். குழாய்க்குள் மற்ற வயர்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது அது ஏறக்குறைய 20 ஆம்ப் தாங்கும், இடத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம் குறையலாம். அதன் தலையில் 32 போட்டால், அந்த 1.13 கணக்குப்படி, 36 ஆம்ப் ஒரு மணி நேரம் போனாலும் எம்சிபி அசையாது. ஒரு மணி நேரத்துக்குள் நிச்சயமாக விழ வேண்டுமென்றால் 46 ஆம்ப் வேண்டும். வயரில் உண்டாகும் சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 16 ஆம்ப் 32 ஆனால் சூடு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. வயர் மேல் இருக்கும் சாதாரண பிவிசி உறை 70 டிகிரிக்குத்தான் செய்தது. அதைத் தாண்டித் தாண்டி ஓடினால் முதலில் விறைத்துப்போகும், பிறகு வெடிப்பு விடும், இதெல்லாம் சுவருக்குள் நடப்பதால் யார் கண்ணுக்கும் தெரியாது.

உங்கள் எலக்ட்ரீஷியன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் மறுபடி கூப்பிடாமல் இருப்பதுதான் நல்ல வேலை என்று பழகியவர். 32 போட்டால் மறுபடி கூப்பிட மாட்டீர்கள் என்பது உண்மைதானே.

அந்தப் பழுப்புக் கறை

இது தனி விஷயம், பல பேருக்குத் தெரியாதது. சாக்கெட் ஓரம் பழுப்பாவது பெரும்பாலும் உள்ளே லூஸ் கனெக்‌ஷன். ஒன்று திருகு தளர்ந்திருக்கும், அல்லது ப்ளக்கைப் பிடிக்கும் பித்தளை நாக்கு வாயைப் பிளந்திருக்கும். வயரில் போகும் கரண்ட் அளவுக்குள்தான் இருக்கும், ஆனால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் சூடு குவியும். இதை எம்சிபியும் பார்க்காது, ஆர்சிசிபியும் பார்க்காது. இரண்டுக்கும் அது சாதாரண கரண்ட். உங்கள் மூக்கும் கண்ணும்தான் இங்கே பாதுகாப்புச் சாதனம், நீங்கள் கவனித்தது நல்லது. சாக்கெட்டை மாற்ற வேண்டும், பின்னால் கருகிய வயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு மாற்ற வேண்டும். துடைத்துவிட்டு மறுபடி திருகினால் போதாது. அதுவரை அயர்னை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு வேறு இடத்திலிருந்து ஓட்டலாமா என்றால், அதுவும் வேண்டாம். பெட்டியில் ஆறு ஓட்டை இருப்பதால் ஆறு மடங்கு தாங்கும் என்று அர்த்தமில்லை, பின்னால் இருப்பது அதே ஒரு வயர். இஸ்திரியை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.

ஷாக் அடித்தால் எம்சிபி விழுமா?

விழாது. இங்கேதான் நீங்கள் பெரிதாகத் தப்புக்கணக்குப் போட்டிருக்கிறீர்கள், உங்களை மட்டும் சொல்ல மாட்டேன், படித்தவர்களும் இதையேதான் நம்புகிறார்கள். உடம்பு வழியாக 30 மில்லி ஆம்ப் அளவில் கரண்ட் கொஞ்ச நேரம் போனாலே தசை இறுகிக் கையை எடுக்க முடியாமல் போகலாம், மூச்சு திணறலாம், அதற்கு மேல் போகப்போக இதயத் துடிப்பே தடுமாறும். 16 ஆம்ப் என்பது 16,000 மில்லி ஆம்ப், ஐந்நூறு மடங்குக்கும் மேல். எம்சிபிக்கு நீங்கள் ஷாக் வாங்குவது ஒரு சின்ன எல்இடி விளக்கு எரிகிற மாதிரி, கவனிக்கக் கூடச் செய்யாது.

ஆர்சிசிபி வேறு விதமாக வேலை செய்கிறது. ஃபேஸில் போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்க்கும். குறைந்தால், குறைந்தது எங்கோ கசிகிறது, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக. 30 மில்லி ஆம்ப் என்று எழுதியிருப்பது 15க்கும் 30க்கும் இடையில் எங்கேயாவது விழும், 30 வந்துவிட்டால் 0.3 விநாடிக்குள் விழுந்தாக வேண்டும். அதற்கும் எல்லை உண்டு, ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்துக்கொண்டு தரையில் கசிவில்லாமல் நின்றால் அதற்கும் தெரியாது. லோடு அதிகமானாலும் விழாது, அது எம்சிபியின் வேலை. ஒன்று இருக்கிறதே என்று மற்றதை எடுக்க முடியாது.

"எர்த் இருக்கிறதே" என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எர்த் நன்றாக இருந்தால் சந்தோஷம். ஆனால் எர்த் பாதையின் மின்தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பழைய கட்டடத்தில் அது அதிசயமில்லை. கீசரின் உடம்பில் ஃபேஸ் பட்டால் 230ஐ 20ஆல் வகுத்த 11.5 ஆம்ப்தான் எர்த்துக்குப் போகும். 16 ஆம்ப் எம்சிபி அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கும், கீசரின் உடம்பும் அதோடு சேர்ந்த தண்ணீர்க் குழாயும் மின்சாரத்தோடு நிற்கும். குளியலறையில், ஈரக் கையோடு, நான்கு வயதுக் குழந்தை. ஆர்சிசிபியை ஏன் எடுக்கக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கீசரை நிரபராதி ஆக்கிவிடாதீர்கள்

சுவிட்சை அணைத்தபோதும் விழுந்தது, அதனால் கீசர் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தர்க்கத்தில் ஒரு ஓட்டை. சாதாரண சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் அப்படியே இணைந்தே இருக்கும். டிபியில் இருக்கும் ஒற்றை எம்சிபியும் அப்படித்தான். கீசரின் ஹீட்டிங் காயில் நியூட்ரல் பக்கமாக வெடித்துத் தண்ணீரைத் தொட்டுவிட்டது என்றால், நீங்கள் சுவிட்சை அணைத்தாலும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒரு குறுக்கு வழி திறந்தே இருக்கும். அப்புறம் நீங்கள் அடுப்பையோ அயர்னையோ போடும்போது, அதன் கரண்ட் திரும்பி வரும் வழியில் ஒரு பகுதி அந்தக் குறுக்கு வழியில் நழுவிவிடும். ஆர்சிசிபி விழும். பழி அடுப்பின் மேல் போகும். கீசர் அமைதியாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே சந்தேகப்படும் பொருளின் ப்ளக்கையே உருவ வேண்டும். கீசருக்கு ப்ளக் இல்லாமல் நேரடியாக வயர் கொடுத்திருந்தால் அதை எலக்ட்ரீஷியன் இரண்டு முனையையும் கழற்றித்தான் சோதிக்க முடியும். காயிலின் உள்ளே இருக்கும் வெள்ளைத் தூள், மக்னீசியம் ஆக்ஸைடு, ஈரத்தை உறிஞ்சக்கூடியது. மேலுறையில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், சில நாள் விழும், சில நாள் விழாது என்று ஆட்டம் காட்டும். "சில காலைகளில்" என்று நீங்கள் எழுதியது அதற்குப் பொருந்துகிறது. மழை இரவுகளில் விழுவதற்கு வேறு இடம் தேட வேண்டும், வாசல் விளக்கு, வெளிச்சுவர் சாக்கெட், மோட்டார் இணைப்பு, மொட்டைமாடிக்குப் போகும் வயர், இப்படி நனையும் இடங்கள். இரண்டு கசிவு இருக்க வாய்ப்புண்டு. இரண்டும் தனித்தனியாக 15 மில்லி ஆம்புக்குக் கீழேயே நின்று, சேர்ந்தால் மட்டும் விழ வைக்கலாம். கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின் மாதிரி பொருள்களும் பழுதில்லாமலே ஆளுக்குக் கொஞ்சம் எர்த்துக்குக் கசியவிடும், அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

நீங்களே செய்யக்கூடியது

டிபி பெட்டியின் மூடியைக் கழற்ற வேண்டாம். லீவர்களைத் தொடலாம், அதற்காகத்தான் வெளியே வைத்திருக்கிறார்கள், கை மட்டும் காய்ந்திருக்கட்டும். ஆர்சிசிபி விழுந்ததும் எல்லா எம்சிபியையும் கீழே தள்ளுங்கள், ப்ளக்குகளை உருவுங்கள், ஆர்சிசிபியைத் தூக்குங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போதே நிற்கவில்லை என்றால் நியூட்ரலில் கோளாறு அல்லது ஆர்சிசிபியே கெட்டிருக்கிறது, அத்தோடு விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். நின்றால் எம்சிபிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள், பிறகு ப்ளக்குகளை ஒவ்வொன்றாக. எதைப் போட்டதும் விழுகிறதோ அதை எழுதி வையுங்கள். நேரம், மழையா, என்ன ஓடிக்கொண்டிருந்தது, இந்த மூன்றையும் ஒரு வாரம் குறித்தால் எலக்ட்ரீஷியனுக்குப் பாதி வேலை மிச்சம்.

எம்சிபி எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்பதிலும் செய்தி இருக்கிறது. நிமிடக்கணக்கில் ஓடிவிட்டு விழுந்தால் லோடு அதிகம், அல்லது எம்சிபியின் திருகே தளர்ந்து சூடாகிறது. தூக்கிய கணமே பட்டென்று விழுந்தால் ஷார்ட், அதை ஒரு தடவைக்கு மேல் தூக்கிப் பார்க்காதீர்கள். மோட்டாரோ ஏசியோ கிளம்பும் விநாடியில் மட்டும் விழுந்தால் வகை பொருந்தவில்லை என்று இருக்கலாம். பி வகை, எழுதிய அளவில் மூன்றிலிருந்து ஐந்து மடங்குக்குள் சட்டென விழும், சி வகை ஐந்து மடங்கு வரை பொறுத்து, ஐந்திலிருந்து பத்து மடங்குக்குள் அப்படி விழும், அங்கே அளவை ஏற்றாமல் வகையை மாற்றினால் சரியாகலாம். உங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை.

எலக்ட்ரீஷியனிடம் என்ன கேட்பது

வேறு ஆளைக் கூப்பிடுங்கள், உரிமம் உள்ளவராக. முதல் கேள்வி, "மெகர் கொண்டு வருவீர்களா?" 500 வோல்ட் கொடுத்து வயரின் உறை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளக்கும் கருவி அது, எலக்ட்ரானிக் பொருள்களையெல்லாம் கழற்றிவிட்டு ஒவ்வொரு லைனாக அளக்க வேண்டும். குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். 32 போட்டு ஓட்டிய அந்த லைனைக் கட்டாயம் அளக்கச் சொல்லுங்கள், உறை கெட்டிருக்கிறதா என்று தெரிய வேண்டும். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் ஒன்றோடு வந்து எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறேன் என்பவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம். இரண்டாவது, வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் காலை லோடை ஓட்டி அளக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, டிபியில் எல்லாத் திருகுகளையும் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், எர்த்தையும் அளக்கச் சொல்லுங்கள். டெஸ்ட் பட்டன் எர்த்தைச் சோதிக்காது, ஆர்சிசிபியின் உள்வேலையை மட்டும்தான் சோதிக்கும்.

வீட்டுக்காரர் விஷயத்தில்

மூன்று வழி இருக்கிறது. செலவே இல்லாதது, 16ஐ மறுபடி போட்டுக்கொண்டு கீசரை முன்கூட்டியே ஓட்டி அணைத்துவிட்டு அப்புறம் அடுப்பைப் போடுவது. தொல்லைதான், ஆனால் இப்போதைக்குப் பாதுகாப்பானது. இரண்டாவது, கீசருக்கு டிபியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டரில் தனி லைன் இழுத்து 20 ஆம்ப் எம்சிபி போடுவது, இதுதான் நிரந்தரத் தீர்வு. ஒவ்வொரு லைனுக்கும் எம்சிபி, ஆர்சிசிபி இரண்டும் சேர்ந்த ஆர்சிபிஓ போட்டால் ஒரு இடத்தில் கசிந்ததும் மொத்த வீடும் இருட்டாகாது, காசு இருந்தால் அதையும் கேளுங்கள். மூன்றாவது அவர்கள் சொல்லும் டைரக்ட், அதை வழி என்றே நான் எண்ணவில்லை.

சுவருக்குள் இருக்கும் வயரிங் கட்டடத்தின் பாகம், அதை உங்கள் கைக்காசில் மாற்றிவிட்டு அப்புறம் கேட்கலாம் என்று இறங்காதீர்கள். ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்பு யார் பொறுப்பு என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். பழுப்பேறிய சாக்கெட்டையும் 32 என்ற எண் தெரியும்படி எம்சிபியையும் படமெடுத்து, மெகர் அளவோடு, வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸாப் போதும். "ஆர்சிசிபியை எடுக்க நான் சம்மதிக்கவில்லை" என்ற ஒரு வரி அதில் இருக்கட்டும். நாளை ஏதாவது ஆனால், யார் என்ன சொன்னார்கள் என்பது அந்தத் தேதியோடு இருக்கும். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் சண்டைக்கு அசைய மாட்டார்கள், எழுத்துக்கு அசைவார்கள். அசையாவிட்டால் உங்கள் பகுதி மின்வாரியத்திலோ மின் பாதுகாப்பைப் பார்க்கும் அலுவலகத்திலோ அதே படங்களைக் காட்டலாம்.

உங்கள் அம்மா கேட்டது, லீவரை இத்தனை தடவை தூக்கித் தூக்கிப் போட்டால் எம்சிபி கெட்டுவிடாதா, விழாமல் கையால் அழுத்திப் பிடித்தால் என்ன என்று. அழுத்திப் பிடித்தாலும் உள்ளே அது விழுந்துவிடும், லீவர் மட்டும் மேலே நிற்கும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சாதாரணமாகத் தூக்குவதும் இறக்குவதும் ஆயிரக்கணக்கான தடவை தாங்கும். லோடை அணைத்துவிட்டுத் தூக்கச் சொல்லுங்கள், லீவர் நடுவில் நின்றுவிட்டால் முதலில் முழுக்கக் கீழே தள்ளிவிட்டு அப்புறம் மேலே. அவர் அதைத் துடைப்பக் குச்சியால் தூக்குவதாக எழுதியிருந்தீர்கள். காய்ந்த குச்சியென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.